தலைநிமிர வைத்த மருத்துவர்: தீக்காயச் சிகிச்சையை மாற்றிய ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ

சமையல் எரிவாயு தோம்பு வெடித்தது, கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்தது, பட்டாசு கொளுத்தும்போது உடையில் தீப்பற்றியது எனத் தீக்காயச் செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. உயிருக்கு ஆபத்து இல்லை, மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார் என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். காயம்பட்டவருக்கு நீண்ட போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கழுத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு இது இன்னும் கடுமையானது. புண் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து, இறுகி, வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். தாடை மெல்ல மெல்ல மார்பை நோக்கி இழுக்கப்படும். கீழுதடு பிதுங்கி வாயை மூட முடியாமல் போகலாம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க உடம்பையே பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருக்கும்.

தலைகுனிவு என்ற சொல்லை நாம் அவமானத்தைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். கழுத்துத் தழும்பு ஒரு மனிதரை நிஜமாகவே தலைகுனிய வைத்துவிடுகிறது. குனிந்த தலையோடு நடமாடுபவரை ஊர் பார்க்கும் பார்வை அவரை இன்னொரு முறை குனிய வைக்கிறது. இந்த இரண்டு குனிவுகளையும் மருத்துவர்தான் சரிசெய்ய வேண்டும் என்று நம்பிச் செயல்பட்டவர் சர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. இரண்டாம் உலகப் போரில் எரிந்த விமானங்களிலிருந்து தப்பிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு முகத்தையும் கைகளையும் மீட்டுத் தந்த அறுவை சிகிச்சை நிபுணர் இவர்.

அச்சகக்காரரின் மகன்

1900-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி நியூசிலாந்தின் டனீடன் நகரில் மெக்கிண்டோ பிறந்தார். தந்தை ஜான் அச்சகம் நடத்தியவர். தாய் மேபல் ஹில் பெயர்பெற்ற ஓவியர். நான்கு பிள்ளைகளில் இரண்டாமவரான ஆர்ச்சிபால்ட், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார்.

1924-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. அது மணமாகாதவர்களுக்கு உரியது. மெக்கிண்டோவோ அந்த ஆண்டுதான் அடோனியா எய்ட்கன் என்ற பெண்ணை மணந்திருந்தார். திருமணத்தை மறைத்துத் தனியாகக் கப்பல் ஏறினார். மனைவி ஓராண்டு கழித்தே அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

மேயோவில் அவர் முதலில் உடற்கூறு நோயியலிலும், பின்னர் வயிற்று அறுவை சிகிச்சையிலும் தேர்ச்சி பெற்றார். கல்லீரல் நோய் பற்றி ஆய்வுகள் எழுதினார். அவருடைய கைத்திறனைக் கண்ட பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் மோய்னிஹன் பிரபு, இங்கிலாந்தில் நல்ல எதிர்காலம் இருப்பதாக நம்பிக்கை ஊட்டினார். அதை நம்பி 1930-இல் குடும்பத்தோடு லண்டன் வந்திறங்கினார் மெக்கிண்டோ. எதிர்பார்த்த வேலை அங்கே இல்லை. குழந்தையோடும் கடனோடும் திண்டாடிய நேரத்தில் கைகொடுத்தவர், அதே டனீடனில் பிறந்த உறவினரான சர் ஹரால்ட் கில்லிஸ். புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் இடம் வாங்கித் தந்து, தம் தொழிலையும் கற்றுக்கொடுத்தார்.

மலாயா கப்பலில் எரிந்த மாலுமி

கில்லிஸ் கற்றுக்கொடுத்த தொழிலின் தொடக்கக் கதையில் நம் நாட்டின் பெயரும் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் சேர்ந்த மலாய் கூட்டரசு, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு பெரிய போர்க்கப்பலைக் கட்டிக்கொடுக்க முன்வந்தது. நம் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. மலாயா என்றே அந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டினார்கள். 1916 மே 31-ஆம் தேதி ஜட்லண்ட் கடற்போரில் ஜெர்மானியக் குண்டுகள் எட்டு அதன்மீது விழுந்தன. பீரங்கித் தளத்தில் அடுக்கியிருந்த வெடிமருந்து தீப்பற்றிக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தத் தீயில் பிழைத்த இளம் மாலுமி ஒருவர் பின்னர் கில்லிஸிடம் கொண்டுவரப்பட்டார். முகமும் கழுத்தும் வெந்து, தழும்பு சுருங்கி, இமைகளும் உதடும் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. இரத்த ஓட்டம் அறுபடாமல் மார்புத் தோலை உயர்த்தி முகத்துக்குக் கொண்டுவர 1917 அக்டோபரில் கில்லிஸ் முயன்றார். அப்போது தோலின் நீண்ட காம்புகள் தாமாகவே உள்நோக்கிச் சுருள்வதைக் கவனித்தார். இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் குழாய் போலாகிவிடும், உள்ளே கிருமி புகாது, இரத்த ஓட்டமும் பாதுகாப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இந்தக் குழாய்த்தோல் முறை பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையையே மாற்றிப்போட்டது. ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் ஃபிலாடோவ் என்ற மருத்துவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதைத் தனியே கண்டுபிடித்திருந்தார். வயிற்றிலிருந்தோ மார்பிலிருந்தோ தோலை வாரக்கணக்கில் படிப்படியாக நகர்த்தி முகத்துக்கும் கழுத்துக்கும் கொண்டுவர அது வழி செய்தது. மெக்கிண்டோ கில்லிஸிடம் கற்றுத் தேர்ந்து, பிறகு ஆயிரக்கணக்கான முறை கையாண்ட கருவிகளில் முக்கியமானது இதுதான்.

கருகிய விமானிகள்

1938-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை ஆலோசகராக மெக்கிண்டோ நியமிக்கப்பட்டார். 1939-இல் போர் தொடங்கியபோது இத்துறையில் முழு அனுபவம் பெற்றவர்கள் பிரிட்டன் முழுவதற்கும் நான்கே பேர். கில்லிஸ், கில்னர், மௌலம், மெக்கிண்டோ. அவர்களில் மூவர் நியூசிலாந்தில் பிறந்தவர்கள். மெக்கிண்டோ, லண்டனுக்குத் தெற்கே சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் குயின் விக்டோரியா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

1940 கோடையில் இங்கிலாந்தின் வானத்தில் பெரும் விமானப் போர் மூண்டது. சண்டை விமானங்களில் பெட்ரோல் தொட்டி விமானியின் முன்பாகவே இருந்தது. குண்டு பட்டால் சில நொடிகளில் தீ அவர் முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியாதவர்களின் கைகளும் இமைகளும் கருகின. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள்.

அன்று தீக்காயத்துக்கு உலகம் முழுவதும் பரவியிருந்த சிகிச்சை டானிக் அமிலம். 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டேவிட்சன் என்ற மருத்துவர் இதைப் புகுத்தினார். தேயிலையில் துவர்ப்பாக இருப்பதும், ஆவாரம்பட்டையில் இருந்து தோல் பதனிடப் பயன்படுவதும் இதே வகைப் பொருள்தான். புண்ணின் மீது பூசினால் கெட்டியான ஓடு போல் படியும், நீர் வெளியேறுவதைத் தடுக்கும். பரந்த காயத்தில் உயிர் காக்க அது உதவியது.

ஆனால் முகத்திலும் கையிலும் அது பேரழிவாக முடிந்தது. ஓட்டுக்குள் விரல்கள் மடங்கி, நகங்கள் போல் வளைந்து கெட்டிப்பட்டன. இமைகள் சுருங்கிக் கண்ணை மூட முடியாமல் பார்வையே பறிபோகும் நிலை வந்தது. ஓட்டுக்கடியில் சீழ் பிடித்தது. காயம் ஆறுவதற்காகப் பூசிய மருந்தே உறுப்பை முடமாக்கியது. 1940 ஆகஸ்ட் 12-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு ஆங்கிலக் கால்வாயில் விழுந்த ஜெஃப்ரி பேஜ் என்ற விமானியின் கைகளும் இப்படித்தான் ஆயின. மெக்கிண்டோவின் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவர் மீண்டும் விமானம் ஓட்டினார் என்பது தனிக் கதை.

உப்புநீர்த் தொட்டி

கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் புண்கள், தரையில் விழுந்தவர்களின் புண்களைவிட நன்றாக ஆறியதை மெக்கிண்டோ கவனித்தார். உப்புநீர்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். டானிக் அமிலத்தை விட்டொழித்தார். இளஞ்சூடான உப்புநீர் நிரம்பிய தொட்டியில் நோயாளியை இறக்கும் முறையைத் தொடங்கினார். முகத்திலும் கையிலும் டானிக் அமிலம் கூடாது என்ற அவருடைய வாதம் அந்த ஆண்டு முடிவதற்குள் மருத்துவ உலகில் ஏற்கப்படத் தொடங்கியது.

உப்புநீர்த் தொட்டி இரண்டு வேலைகளைச் செய்தது. புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியைப் பிய்த்து எடுக்க வேண்டியதில்லை, தண்ணீரில் அது தானாகவே மிதந்து விலகியது. அதைவிட முக்கியமானது, தண்ணீருக்குள் நோயாளியால் விரலை மடக்கி நீட்ட முடிந்தது. தொட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் கெட்டியான ஓட்டுக்குப் பதிலாக வாசலின் தடவிய மென்மையான வலைத்துணி சுற்றப்பட்டது. அதற்குள்ளும் மூட்டுகள் அசைந்தன.

காயம் ஆறட்டும், பிறகு பயிற்சி பார்க்கலாம் என்ற பழைய எண்ணத்தை இந்த மாற்றம் உடைத்தது. ஆறும்போதே அசைய வேண்டும், அசைவு போன பிறகு அதை மீட்பது பல மடங்கு கடினம் என்பது இன்று தீக்காய மறுவாழ்வின் அடிப்படைப் பாடம்.

கழுத்து ஏன் சுருங்குகிறது

ஆழமான தீக்காயம் ஆறும்போது, புண்ணின் ஓரங்களை நெருக்கி மூடுவதற்காக உடம்பு சில சிறப்பு உயிரணுக்களை அனுப்புகிறது. இவை தசை போல் சுருங்கும் தன்மை உடையவை. எதிர்த்து இழுக்க எதுவும் இல்லாத இடத்தில் இந்தச் சுருக்கம் நிற்காமல் தொடரும். இமை, உதடு, அக்குள், விரல் இடுக்கு, கழுத்து ஆகியவை இப்படிப்பட்ட இடங்கள்.

கழுத்தின் முன்பக்கத் தோல் மெல்லியது, எல்லாத் திசையிலும் அசைவது. அடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் எலும்பு இல்லை. வலியில் படுத்திருப்பவர் இயல்பாகவே தாடையைத் தாழ்த்திக் கழுத்தை மடக்கிக்கொள்வார், அதுதான் அவருக்கு இதமாக இருக்கும். பார்த்துக்கொள்ளும் உறவினர் பாசத்தோடு இரண்டு தலையணை வைப்பார். அந்த இதமான நிலையிலேயே தழும்பு இறுகிவிடும்.

இறுகிய கழுத்தின் தொல்லை அழகோடு முடிவதில்லை. விழுங்குவதும் பேசுவதும் சிரமமாகும். சாலையைக் கடக்கும்போது இருபுறமும் திரும்பிப் பார்க்க முடியாது. பிறகு எந்த அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்துவது ஆபத்தான வேலையாகிவிடும். குழந்தைகள் வளர்வார்கள், தழும்பு அதே வேகத்தில் வளராது.

மெக்கிண்டோ தம் நோயாளிகளுக்கு முதலில் இமைகளைச் சரிசெய்தார், கண்ணைக் காப்பதற்காக. பிறகு உதடு, மூக்கு, கைகள் என்று வரிசையாக மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சைகள் தொடர்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட முறை மேசையில் படுத்தவர்களும் உண்டு.

மூன்றாம் வார்டும் ஊர் மக்களும்

மருத்துவமனைக்குப் பின்னால் மரத்தால் கட்டிய ஒரு நீண்ட கொட்டகைதான் மூன்றாம் வார்டு. மெக்கிண்டோ அங்கே அன்றைய மருத்துவமனை ஒழுங்குகள் பலவற்றைத் தூக்கி எறிந்தார். காயம்பட்ட வீரர்களுக்கு அரசாங்கம் தரும் நீல நிற நோயாளி உடையை அவர் ஏற்கவில்லை. அவரவர் படைச் சீருடையிலேயே நடமாட அனுமதித்தார். அதிகாரி, சாதாரண வீரர் என்ற படிநிலை வார்டுக்குள் இல்லை. வார்டில் பீர் பீப்பாய் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சை நடப்பதைப் பார்க்க விரும்பிய நோயாளிகளுக்கு அனுமதி உண்டு, தமக்கு நடக்கப்போவது என்னவென்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு சண்டை அவர் விமானப்படை நிர்வாகத்தோடு போட்டது. 90 நாட்களுக்குள் பணிக்குத் திரும்ப முடியாதவர்களைப் படையிலிருந்து விடுவிக்கும் விதி இருந்தது. தீக்காய நோயாளிக்கு 90 நாள் என்பது தொடக்கம் மட்டுமே. சிகிச்சை முடியும்வரை அவர்கள் படையிலேயே இருக்கவும் ஊதியம் பெறவும் மெக்கிண்டோ வாதாடி வென்றார். நோயாளிகளின் நலனைக் கவனிக்க எட்வர்ட் பிளாக்செல் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பொறுப்பேற்றார். வேலை தேடித் தருவது, வீட்டுக் கவலைகளைத் தீர்ப்பது, மனம் தளர்ந்தவரோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் அவர் வேலை.

அதன்பின் மெக்கிண்டோ ஊர் மக்களிடம் போனார். முதல் உலகப் போரில் கில்லிஸ் பணியாற்றிய சிட்கப் நகரில், முகம் சிதைந்த வீரர்கள் அமரும் சாலையோர இருக்கைகளுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். எதிரே வருபவர் அதைக் கண்டு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளலாம், அல்லது பாதையை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் அப்படி நடக்கக்கூடாது என்று மெக்கிண்டோ விரும்பினார். ஊர்க் குடும்பங்களைச் சந்தித்தார், வீரர்களைச் சாப்பாட்டுக்கு அழைக்கச் சொன்னார், முகத்தை நேராகப் பார்த்துப் பேசச் சொன்னார்.

ஊர் கேட்டது. குழாய்த்தோல் மூக்கிலிருந்து தொங்கும் நிலையிலும் வீரர்கள் மதுக்கடைக்கும் திரையரங்குக்கும் சென்றார்கள். யாரும் முறைத்துப் பார்க்கவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அந்தச் சிற்றூருக்கு நிலைத்துவிட்டது. 1943 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மானிய விமானம் அதே ஊரின் திரையரங்கில் குண்டு போட்டதில் 108 பேர் இறந்தனர். தங்கள் வீரர்களைத் தாங்கிய ஊரே அன்று காயம்பட்டது.

கினிப்பன்றிகள் சங்கம்

1941 ஜூலை 20-ஆம் தேதி வார்டிலிருந்த சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள்மீது புதுப்புதுச் சோதனைகள் நடப்பதைக் கேலி செய்து, ஆய்வுக்கூட விலங்கின் பெயரால் அதற்குக் கினிப்பன்றிகள் சங்கம் என்று பெயரிட்டார்கள். கால்கள் வெந்திருந்தவர் பொருளாளர், பணத்தோடு ஓடமாட்டார் என்பதால். விரல்கள் வெந்திருந்தவர் செயலாளர், நீண்ட கூட்டக் குறிப்பு எழுதமாட்டார் என்பதால். மெக்கிண்டோ தலைவர்.

விளையாட்டாகத் தொடங்கிய சங்கம் போர் முடியும்போது 649 உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா எனப் பல நாட்டவர் அதில் இருந்தனர். போருக்குப் பிறகும் ஆண்டுதோறும் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் கூடினார்கள். வேலை இழந்தவருக்கு வேலை, கடை தொடங்க விரும்பியவருக்கு உதவி, மனம் உடைந்தவருக்குத் தோழமை என்று அந்தச் சங்கம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கியது. இன்று தீக்காயம் பட்டவர்களுக்காக உலகெங்கும் நடக்கும் ஆதரவுக் குழுக்களுக்கு அது ஒரு முன்னோடி.

மெக்கிண்டோ குறையில்லாதவர் அல்லர். கடுஞ்சொல் பேசுபவர், பிடிவாதக்காரர், மேலதிகாரிகளோடு ஓயாமல் மோதியவர். மூன்றாம் வார்டின் கட்டுப்பாடற்ற கலகலப்பின் சுமையை அங்கே பணியாற்றிய இளம் தாதியர் தாங்க வேண்டியிருந்ததையும், நோயாளிகளின் அத்துமீறல்களைச் சகித்துக்கொள்ளும்படி அவர்கள் எதிர்பார்க்கப்பட்டதையும் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அவருடைய முதல் திருமணம் 1953-இல் முறிந்தது. மறு ஆண்டு கான்ஸ்டன்ஸ் பெல்சம் என்பவரை மணந்தார்.

1947-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் பண்ணை வாங்கினார். 1957-இல் மைக்கேல் வுட், டாம் ரீஸ் என்ற இரு அறுவை சிகிச்சை நிபுணர்களோடு சேர்ந்து, சாலை இல்லாத கிராமங்களுக்கு விமானத்தில் மருத்துவர்களை அனுப்பும் கிழக்காப்பிரிக்க அமைப்பை உருவாக்கினார். ஆம்ரெஃப் என்ற பெயரில் அது இன்றும் செயல்படுகிறது. 1960 ஏப்ரலில், அறுபது வயது நிறைய மூன்று வாரம் இருக்கையில், உறக்கத்திலேயே காலமானார். அவருடைய அஸ்தி லண்டனில் விமானப்படைக்குரிய புனித கிளமென்ட் டேன்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. படைவீரர் அல்லாத ஒரு மருத்துவருக்கு அது அரிய மரியாதை. அதே ஆண்டு செப்டம்பரில் கில்லிஸும் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

அறுவை சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஒரு பிரச்சினை தீராமல் இருந்தது. கழுத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய ஒட்டுத்தோலும் சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும். கத்தியால் விடுவித்த கழுத்து மறுபடியும் குனியும்.

இதற்கு விடை, மெக்கிண்டோ மறைந்த மறு ஆண்டு வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் க்ரோனின், ஒட்டுத்தோல் வைத்த கழுத்துக்கு அளவெடுத்து வார்த்த ஒரு தாங்கியைப் பல மாதங்கள் அணியச் செய்தால் சுருக்கம் திரும்ப வருவதில்லை என்று 1961-இல் எழுதினார். தாடைக்கும் மார்புக்கும் இடையே நின்று கழுத்தை நீட்டிப் பிடிக்கும் கவசம் அது. ஸ்பிளின்ட் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். எலும்பு முறிவுக்கு நம் வைத்தியர்கள் மூங்கில் பட்டையால் கட்டும் சிம்பு போன்ற ஏற்பாடுதான், எலும்புக்குப் பதில் தோலுக்கு.

1970 வாக்கில் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான தீக்காய மருத்துவமனையில் டுவேன் லார்சனின் குழு இதை மேலும் வளர்த்தது. சுடுநீரில் இட்டால் இளகி, ஆறினால் கெட்டியாகும் பிளாஸ்டிக் தகட்டில் கவசம் வார்த்தார்கள். கவசம் அழுத்திய இடங்களில் தழும்பு தடிக்காமல் தட்டையாகவும் மிருதுவாகவும் இருந்ததைக் கண்டார்கள். அதிலிருந்துதான் உடம்போடு இறுக அணியும் அழுத்த ஆடைகள் பரவின.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் தீக்காய மையமாக இருந்தாலும் கோலாலம்பூர் மருத்துவமனையாக இருந்தாலும் கழுத்துத் தீக்காயச் சிகிச்சையின் பாதை இன்று ஏறத்தாழ ஒன்றுதான். அதில் பாதி வேலை குடும்பத்தினர் கையில் இருக்கிறது.

தீப்பட்டவுடன் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காயத்தைக் குளிர்விக்க வேண்டும். பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கழுத்து, முகம், கை, மூட்டுகளில் பட்ட காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவமனையில் முதல் நாளிலிருந்தே கழுத்தின் நிலை கவனிக்கப்படும். தலையணையை எடுத்துவிட்டு, தோள்களுக்கு அடியில் சுருட்டிய துணியை வைத்துத் தாடை மேல்நோக்கி இருக்கும்படி படுக்க வைப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். மருத்துவர் வேண்டாம் என்ற தலையணையை இரக்கப்பட்டு மறுபடி வைத்துவிடாதீர்கள்.

காயம் ஆறத் தொடங்கியதும் முதலில் மென்மையான பஞ்சுப் பட்டையும், பிறகு அளவெடுத்து வார்த்த கழுத்துக் கவசமும் தரப்படும். மறுவாழ்வுச் சிகிச்சையாளர் சொன்ன நேரம் முழுவதும் அதை அணிய வேண்டும். பலருக்குச் சாப்பாடு, குளியல், பயிற்சி தவிர மற்ற நேரமெல்லாம், இரவிலும்கூட. வீக்கம் வடிந்து கழுத்தின் வடிவம் மாறும்போது கவசத்தையும் மாற்றி வார்க்க வேண்டும். தினமும் கழுவித் துடைத்து, கீழே சிவந்தோ புண்ணாகியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுத்தினால் கழற்றி மூலையில் போட்டுவிடாமல், சிகிச்சையாளரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும்.

கவசம் மட்டும் போதாது. கூரையைப் பார்ப்பது, தோள்வரை திரும்புவது, பக்கவாட்டில் சாய்ப்பது போன்ற பயிற்சிகள் நாளில் பல முறை வேண்டும். ஆறிய தழும்பில் வாசனை சேர்க்காத களிம்பு தடவி நீவிவிட வேண்டும். சிலிக்கான் தகடு, அழுத்த ஆடை ஆகியவற்றையும் மருத்துவர் பரிந்துரைக்கலாம். அழுத்த ஆடையை நாளில் 23 மணி நேரம்வரை அணியச் சொல்வதுண்டு. சிவந்து தடித்திருக்கும் தழும்பு வெளிறி மிருதுவாக ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். நம் வெப்பநிலையில் அவ்வளவு காலம் கழுத்தை மூடிக்கொண்டிருப்பது எளிதல்ல. பாதியில் விட்டுவிடுபவர்கள் அதிகம் என்றால் அதற்குக் காரணம் அவர்களின் சோம்பல் அல்ல. வியர்வை, அரிப்பு, பிறர் பார்வை எல்லாம் சேர்ந்ததே.

பிறர் பார்வையை மாற்றுவது நம் எல்லாராலும் முடிந்த காரியம். கழுத்துக் கவசத்தோடு கோவிலுக்கு வரும் பெண்ணிடம் எப்படி நடந்தது என்று துருவாமல் நலம் விசாரிக்கலாம். திருமணத்துக்கு அவரையும் அழைக்கலாம், புகைப்படத்தில் ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவில் நிற்க வைக்கலாம். அழுத்த ஆடையோடு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றி வகுப்பு மாணவர்களுக்கு ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துச் சொல்லலாம். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மக்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தச் சிகிச்சையில் அவர்களுக்குப் பங்கிருந்தது.

2014-இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் கடைத்தெருவில் மெக்கிண்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். வடித்தவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ். அவருடைய தந்தையும் மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர். சிலையில் மருத்துவர் தனியாக இல்லை. விரல்கள் வளைந்த விமானி ஒருவர் அமர்ந்திருக்கிறார், பின்னால் நின்று மெக்கிண்டோ அவர் தோள்களில் இரு கைகளையும் வைத்திருக்கிறார். சுற்றிலும் ஊர் மக்கள் உட்காரக் கல் இருக்கை. அந்த விமானியின் தழும்பேறிய முகம் வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கிறது.